'இன்' வந்தால் 'இல்லை'யா?

கேள்வி: சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையில் இருக்கிறேன். ஏற்றுமதியாகும் தீப்பெட்டிகளுக்கான அட்டைப்பெட்டிகளை அச்சடிக்கிறோம். ஒரு வாடிக்கையாளர் 'ஃப்ளேமபிள்' என்று போடச் சொல்கிறார். இன்னொருவர் 'இன்ஃப்ளேமபிள்' என்கிறார். 'இன்' சேர்ந்தால் எதிர்ப்பொருள் என்றுதான் பள்ளியில் படித்தேன். "அப்படின்னா தீப்பெட்டி மேலேயே தீப்பிடிக்காதுன்னு அச்சடிக்கிறோமாம்மா?" என்று மெஷின்மேன் அண்ணன் சிரிக்கிறார். வீட்டில் வேறு பிரச்சினை. வங்கித் தேர்வுக்குப் படிக்கும் என் மகள் 'இன்ஃபேமஸ்' என்று வாய்விட்டுப் படிக்க, பயிற்சி வகுப்பில் 'இன்ஃபமஸ்' என்று திருத்தியிருக்கிறார்கள். 'ஃபேமஸ்' எப்படி 'ஃபமஸ்' ஆகும்? இர்ரெலவன்ட், இன்வாலிட், இன்டிக்ட், இன்வென்டரி என்று அவளுடைய சந்தேகப் பட்டியல் நீள்கிறது. பொருளையும் உச்சரிப்பையும் சேர்த்தே விளக்குங்களேன்.
— ஒரு வாசகி, சிவகாசி

பதில்: மெஷின் காத்திருக்கும், ஆகவே முதலில் அட்டைப்பெட்டி. அந்த இரண்டு சொல்லுக்கும் பொருள் ஒன்றுதான்: எளிதில் தீப்பற்றக்கூடியது. வாடிக்கையாளர்கள் இருவர் சொன்னதும் சரியே. ஆனாலும் ஏற்றுமதிப் பெட்டிக்கு 'இன்' இல்லாத வடிவத்தையே பரிந்துரையுங்கள். சர்வதேசச் சரக்குப் போக்குவரத்து விதிகளில் தீப்பெட்டி 4.1 என்ற பிரிவில், தீப்பற்றும் திடப்பொருள்களோடு வருகிறது. அந்தப் பிரிவின் ஆங்கிலப் பெயரில் 'இன்' கிடையாது. தீப்பற்றாத பொருளைக் குறிக்க 'நான்' என்ற முன்னொட்டைச் சேர்த்து 'நான்-ஃப்ளாமபிள்' என்பார்கள்.

நான் 'ஃப்ளாமபிள்' என்று எழுதியதைக் கவனித்திருப்பீர்கள். தீச்சுடரைக் குறிக்கும் 'ஃப்ளேம்' என்ற சொல்லில்தான் நெடில் ஏகாரம் உண்டு. இந்தச் சொல்லில் 'எம்' என்ற எழுத்து இரண்டு முறை வருகிறது. அதற்கு முன்னால் உள்ள உயிர், கிரிக்கெட் மட்டையைச் சொல்லும்போது வருகிற ஒலி. தமிழில் அதற்கு எழுத்து இல்லாததால் சிலர் ஆகாரம் போடுகிறோம், சிலர் ஏகாரம் போடுகிறோம்.

மெஷின்மேனுக்குச் சிரிப்பாக இருந்த விஷயம் தீத்தடுப்பு வேலையில் இருந்தவர்களுக்குக் கவலையாக இருந்தது. லத்தீனில் 'இன்ஃப்ளம்மாரே' என்றால் தீ மூட்டுதல். அதன் வழியில் வந்ததுதான் 'இன்ஃப்ளாமபிள்'. இங்கே உள்ள 'இன்' எதையும் மறுக்கவில்லை, 'உள்ளே' என்கிறது. பழைய சொல்லும் அதுதான். ஆனால் எதிர்மறை 'இன்' ஆங்கிலத்தில் நிறைந்து கிடப்பதால், டப்பாவில் அந்தச் சொல்லைப் பார்த்த ஒருவர் 'தீப்பிடிக்காது போலும்' என்று நினைத்து பீடியைப் பற்றவைத்துவிட்டால்? 1920களிலேயே அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'இன்'னை வெட்டிய வடிவத்தைப் பயன்படுத்தும்படி வலியுறுத்தத் தொடங்கியது. நம் ஊர் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் முதுகில் பழைய வடிவம் இன்றும் சிவப்பெழுத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

பள்ளியில் சொல்லித்தந்தது தவறில்லை, பாதிதான். ஆங்கிலத்தில் 'இன்' என்று தொடங்கும் சொற்களில் மூன்று வேறு வேறு ஆட்கள் ஒரே முகத்தோடு உலாவுகிறார்கள். லத்தீனிலிருந்து வந்த எதிர்மறை 'இன்' ஒன்று: இன்கரெக்ட், இன்விசிபிள், இன்சேன். அதே லத்தீனிலிருந்து வந்த 'உள்ளே' என்ற பொருளுள்ள 'இன்' இன்னொன்று: இன்ஹேல், இன்ஜெக்ட், இன்வேட். மூன்றாவது, ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான 'இன்': இன்புட், இன்மேட், இன்லேண்ட்.

இவற்றைப் பிரித்தறிய ஓரளவு உதவும் வழி உண்டு, தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு அது எளிது. 'செம்மை' என்ற பண்பு அடுத்த சொல்லோடு சேரும்போது என்ன ஆகிறது? செந்தமிழ், செங்கோல், செஞ்சொல், செம்பொன். அடுத்து வரும் வல்லெழுத்துக்கு ஏற்ற மெல்லெழுத்து வந்து உட்காருகிறது. லத்தீன்காரர்களின் வாயும் அப்படியே வேலை செய்தது. உதடு ஒட்டிப் பிறக்கும் பி, எம் போன்ற எழுத்துகளுக்கு முன் அவர்களுடைய 'இன்' 'இம்' ஆனது: இம்பாசிபிள், இம்பேலன்ஸ், இம்மெச்சூர். 'எல்' முன் 'இல்' ஆனது: இல்லீகல். 'ஆர்' முன் 'இர்' ஆனது: இர்ரெகுலர். 'உள்ளே' என்ற பொருளுள்ள லத்தீன் 'இன்'னும் இதே திரிபுக்கு ஆளாகும். இம்போர்ட், இமிக்ரன்ட் எல்லாம் அதன் பிள்ளைகள். ஆனால் ஆங்கிலத்தின் சொந்த 'இன்' எதற்கும் அசையாது. அதனால் பி, எம், எல், ஆர் என்ற எழுத்துகளுக்கு முன்னாலும் 'இன்' என்றே எழுதியிருந்தால் அது ஆங்கில 'இன்', பொருள் 'உள்ளே'. இன்புட், இன்மேட், இன்லெட், இன்ரோடு எல்லாம் அப்படித்தான். எழுத்து மாறியிருந்தால் லத்தீன். அங்கே மட்டும் பொருள் 'இல்லை'யா 'உள்ளே'யா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இங்கேதான் நம் நாக்கு ஒரு தவறு செய்யும். தமிழில் இரட்டை மெய்க்குப் பொருள் உண்டு. கனி வேறு, கன்னி வேறு. பலி வேறு, பல்லி வேறு. அந்தப் பழக்கத்தில் 'எல்' இரண்டு எழுதியிருப்பதைப் பார்த்ததும் 'இல்லீகல்' என்று அழுத்துகிறோம். நானும் மேலே எழுத்தைக் காட்டுவதற்காக அப்படித்தான் எழுதினேன். சொல்லும்போது இலீகல், இரெகுலர், இமெச்சூர் என்று ஒற்றை மெய்தான். உங்கள் மகளின் 'இர்ரெலவன்ட்'டும் 'இரெலவன்ட்'தான். அழுத்தம் 'ரெ'யில் விழ வேண்டும். ('ல'வையும் 'வ'வையும் இடம் மாற்றி 'இரெவலன்ட்' என்பவர்கள் ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களிலும் உண்டு.) ஆனால் 'அன்' என்ற முன்னொட்டில் கதை வேறு. 'அன்நெசசரி', 'அன்நேச்சுரல்' போன்றவற்றில் இரண்டு 'என்' ஒலியும் காதில் விழும். 'அன்' ஆங்கிலத்தின் சொந்த ஒட்டு என்பதால் இன்னமும் தனியாக நிற்கிறது. லத்தீன் 'இன்' சொல்லோடு கரைந்துவிட்டது.

கரைந்துவிட்டது என்பதைப் பிடித்துக்கொண்டால் 'இன்ஃபமஸ்' புரியும். யாரோ நேற்று 'ஃபேமஸ்' என்ற சொல்லை எடுத்து அதன் முன்னால் 'இன்'னை ஒட்டினார்கள் என்று நாம் கற்பனை செய்துகொள்கிறோம். அப்படி நடக்கவில்லை. 'இன்ஃபாமிஸ்' என்று லத்தீனிலேயே ஒட்டி முடித்த சொல் அது. பொருளும் அங்கேயே 'கெட்ட பெயர் எடுத்த' என்று உறைந்துவிட்டது. அதனால்தான் 'இன்ஃபமஸ்' என்றால் பிரபலமில்லாதவர் என்று பொருள் இல்லை. ஊருக்கெல்லாம் தெரிந்தவர்தான், ஆனால் நல்ல காரியத்துக்காக இல்லை.

ஒலிக்கு வருவோம். அழுத்தம் 'இன்' மேல் போய் உட்கார்ந்துவிட்டது. ஆங்கிலத்தில் அழுத்தம் விழாத அசையின் உயிர் பெரும்பாலும் இளைத்துப்போகும். நமக்கு இது புதிதில்லை. 'தலைவலி' என்று எழுதிவிட்டு 'தலவலி' என்கிறோமே, சொல்லின் நடுவில் ஐகாரம் குறுகுவதை ஐகாரக்குறுக்கம் என்று இலக்கணமும் ஒப்புக்கொள்கிறது. அங்கே குறுகுவது ஓர் எழுத்து, இங்கே அழுத்தம் இழந்த எந்த உயிரும் குறுகலாம். 'ஃபே' குறுகி 'ஃப' ஆனது அப்படித்தான். மகள் மறக்காமல் இருக்க 'இன்ஃபமி' என்ற பெயர்ச்சொல்லையும் சேர்த்துப் படிக்கட்டும். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கியது. மறுநாள் அமெரிக்க காங்கிரஸில் ரூஸ்வெல்ட் பேசினார். அந்த நாள் 'உலக வரலாற்றில்' நிலைக்கும் என்றுதான் தட்டச்சுப் பிரதியில் இருந்தது. அவர் அதை அடித்துவிட்டுக் கையால் 'இன்ஃபமி' என்று எழுதினார். அந்த உரையின் ஒலிப்பதிவு இணையத்தில் கிடைக்கிறது. அழுத்தம் எங்கே விழுகிறது என்பதைக் காதாலேயே கேட்டுக்கொள்ளலாம்.

இதே குடும்பத்தில் இன்னும் சில. 'ஃபைனைட்' என்பதற்கு எதிர்ச்சொல் 'இன்ஃபினிட்'. கணக்கு வகுப்பில் 'இன்ஃபைனைட்' என்று கேட்டுக் கேட்டு அதுவே சரி என்று ஆகிவிட்டது, ஆனால் அழுத்தம் முதல் அசையில்தான். 'இன்ஃபினிட்டி' என்று நீளும்போது மட்டும் அது இரண்டாவது அசைக்கு நகரும். 'போட்டன்ட்' எதிர்ச்சொல்லாகும்போது 'இம்பட்டன்ட்' ஆகும். அடுத்தது 'ரிப்பேர்' செய்ய முடியாதது. ரிப்பேர் தமிழ்ச்சொல்லாகவே ஆகிவிட்டதால் 'இர்ரிப்பேரபிள்' என்று சொல்லத் தோன்றும். அது 'இரெபரபிள்', அழுத்தம் 'ரெ'யில். இன்காம்பரபிள், இரெவகபிள் என்பனவும் அப்படியே. எல்லாச் சொல்லும் இப்படி முறுக்கிக்கொள்வதில்லை: இனாக்டிவ், இன்ஹ்யூமன், இன்செக்யூர் ஆகியவற்றில் மூலச்சொல் எப்படி ஒலித்ததோ அப்படியே ஒலிக்கிறது. எது எந்த வகை என்பதற்குச் சூத்திரம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். புதுச்சொல்லைப் பார்த்தால் செல்போன் அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை ஒருமுறை தட்டிக் கேட்பதே உருப்படியான பயிற்சி.

பயிற்சி வகுப்புகளில் அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்கிறேன், ஏனெனில் தமிழர்களின் ஆங்கிலத்தில் இது தனியாகத் தெரியும். தமிழில் மெல்லெழுத்தை அடுத்து வரும் வல்லெழுத்து தானாகக் கனத்துவிடும். 'பந்தம்', 'கம்பம்', 'தங்கம்' என்று சொல்லிப் பாருங்கள். 'கம்பம்' என்பதன் நடுவில் உள்ள பகரமும் 'பம்பரம்' என்பதன் முதல் பகரமும் ஒரே ஒலி இல்லை. இந்தக் கனப்பை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறோம். கம்பெனி நம் வாயில் நடுவே கனத்துத்தான் வருகிறது, 'இன்கம் டாக்ஸ்' கனத்து 'இங்கம்' ஆகிறது. 'இன்' முன்னொட்டுச் சொற்களில் மெய்க்குப் பின் உடனே வல்லெழுத்து வருவது மிக அதிகம் என்பதால் இந்தத் தொல்லையும் அதிகம். இம்பார்டன்ட், இன்டெலிஜென்ட், இன்கம்ப்ளீட் என்ற மூன்றிலும் அந்த வல்லெழுத்து கனக்கக் கூடாது. உங்கள் அச்சகத்திலேயே ஓர் உதாரணம் இருக்கும். ஸ்டோரிலிருந்து காகிதம் எடுக்க எழுதுகிற 'இன்டென்ட்' படிவத்தில் நடு மெய் கனத்தது, ஆங்கில எழுத்து 'டி'. நோக்கம் என்ற பொருளுள்ள 'இன்டென்ட்'டில் அது கனக்காதது, ஆங்கில எழுத்து 'டி'க்குப் பதிலாகத் தேநீரின் ஆங்கிலப் பெயரில் முதலில் வருகிற எழுத்து. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதுதான் சிக்கல். வாய்க்கு முன்னால் உள்ளங்கையை வைத்து மகளைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லின் கடைசி ஒலியை விட்டுவிட்டு, நடுவில் உள்ள ஒலியை மட்டும் கவனிக்க வேண்டும். 'நோக்க'த்தைச் சொல்லும்போது காற்று கொஞ்சம் கூடுதலாகப் படும்.

இனி 'இன்வாலிட்'. இது எழுத்தில் ஒன்று, சொல்லில் இரண்டு. ஏடிஎம்மில் தவறான பின் எண்ணைப் போட்டால் வருவது 'இன்வாலிட்', செல்லாதது, அழுத்தம் 'வா'வில். நோயால் படுக்கையில் கிடப்பவரைக் குறிப்பது 'இன்வலிட்', அழுத்தம் 'இன்'னில். இரண்டாவது சொல் இன்று மரியாதைக் குறைவாகக் கருதப்படுகிறது. பழைய நாவல்களில் பார்த்தால் புரிந்துகொள்ளலாம், ஆளைச் சுட்டிப் பயன்படுத்த வேண்டாம். இரண்டுக்கும் மூலம் 'வலுவில்லாத' என்ற லத்தீன் சொல்தான். 'இன்சல்ட்', 'இன்க்ரீஸ்', 'இம்போர்ட்' போன்றவற்றிலும் இடமாற்றம் உண்டு: பெயர்ச்சொல்லாக வந்தால் அழுத்தம் முன்னால், வினையாக வந்தால் பின்னால். நாம் "இன்சல்ட் பண்ணிட்டான்" என்று 'பண்ணு' சேர்த்துச் சமாளிப்பதால் அந்த வேறுபாடு நம் பேச்சில் தேவைப்படுவதே இல்லை.

'இன்டிக்ட்' என்று ஒரு சொல் ஆங்கிலத்தில் ஒலிப்பதில்லை. குற்றம் சாட்டுதல் என்ற பொருளுள்ள அதை 'இன்டைட்' என்று சொல்ல வேண்டும், 'சி' ஊமை. பழைய ஆங்கிலேயர் அந்த எழுத்து இல்லாமல்தான் எழுதினார்கள். லத்தீன் மூலத்தைக் காட்ட வேண்டும் என்ற ஆசையில் படித்தவர்கள் பின்னாளில் அதைச் செருகினார்கள், வாய்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் 'பி' நுழைந்ததும் இதே கைவரிசை.

பொருளைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பிடித்தது 'இம்யூன்'. கொரோனா காலத்தில் கசாயக் கடை வரை போன சொல் அது. நோயோடு அதற்கு முதலில் எந்தத் தொடர்பும் இல்லை. லத்தீனில் 'முனுஸ்' என்றால் குடிமகன் செலுத்த வேண்டிய கடமை, பணி. அதிலிருந்து விலக்குப் பெற்றவர் 'இம்யூனிஸ்'. சோழர் கல்வெட்டுகளில் வரி விலக்குப் பெற்ற நிலத்தை 'இறையிலி' என்பார்களே, கட்டமைப்பிலும் பொருளிலும் அதற்குப் பக்கத்துவீட்டுச் சொல். இறை என்றால் வரி, இலி என்றால் இல்லாதது; அவர்கள் மறுப்பை முன்னால் வைத்தார்கள், நாம் பின்னால் வைத்தோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் மருத்துவம் அதை நோயிலிருந்து கிடைக்கும் விலக்குக்கு எடுத்துக்கொண்டது. வெளிநாட்டுத் தூதரைக் கைது செய்ய முடியாது என்கிறபோது சொல்லும் 'இம்யூனிட்டி'யில் பழைய பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

'இன்ஃபன்ட்' என்றால் லத்தீனில் 'பேசாதது'. 'இன்னசன்ட்' என்றால் 'தீங்கு செய்யாதது'. 'இன்வால்யுவபிள்' மதிப்பில்லாதது இல்லை, மதிப்பிட முடியாதது. 'விலைமதிப்பற்ற' என்று நாமும் மறுப்பை வைத்துத்தானே உயர்வைச் சொல்கிறோம். 'இன்ஜீனியஸ்', 'இன்ஜென்யுவஸ்' இரண்டும் தேர்வில் சேர்ந்தே வரும். முன்னது சாமர்த்தியமான, பின்னது சூதுவாது அறியாத. இரண்டிலும் 'இன்' மறுக்கவில்லை.

'இன்' போடுவதா 'அன்' போடுவதா என்று மகள் அடுத்துக் கேட்பாள். முழு விதி கிடையாது. 'அன்ஃபினிஷ்ட்', 'அன்லிமிடெட்' என்று இறந்தகால வடிவம் கொண்டவை பெரும்பாலும் 'அன்'னைப் பிடிக்கும். 'அன்ஏபிள்' என்பதன் பெயர்ச்சொல் 'இனபிலிட்டி', 'அன்ஜஸ்ட்' என்பதன் பெயர்ச்சொல் 'இன்ஜஸ்டிஸ்', 'அன்ஸ்டேபிள்' என்பதற்கு 'இன்ஸ்டபிலிட்டி'. இவற்றைச் சோடி சோடியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. ஆங்கிலேயர்களும் அமெரிக்கர்களுமே இதில் தடுமாறியவர்கள்தான். 1776இன் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்துக்கு ஜெஃபர்சன் எழுதிய வரைவில் பறிக்க முடியாத உரிமைகளுக்கு 'இனேலியனபிள்' என்று இருந்தது; வெளியான பிரகடனத்தில் அது 'அனேலியனபிள்' ஆகிவிட்டது. 1930 ஜனவரி 26 அன்று நாடெங்கும் எடுத்துக்கொண்ட பூரண சுயராஜ்ய உறுதிமொழியின் ஆங்கில வடிவத்தில் 'இன்' வடிவமே உள்ளது. இன்றைய வழக்கும் அதுவே. வேடிக்கை என்னவென்றால் லத்தீனின் 'இன்', ஆங்கிலத்தின் 'அன்', 'அநியாயம்', 'அசுத்தம்' என்று நாம் வடமொழியிலிருந்து எடுத்துக்கொண்ட 'அ' ஆகிய மூன்றுக்கும் பூட்டி ஒருத்திதான்.

கடைசியாக 'இன்வென்டரி'. கண்டுபிடித்தலைக் குறிக்கும் 'இன்வென்ட்' என்ற வினையில் அழுத்தம் பின்னால். அதை நினைத்துக்கொண்டு இதிலும் 'வென்'னை அழுத்தக் கூடாது. இருப்புப் பட்டியலுக்கு அழுத்தம் முதல் அசையில். பிரிட்டிஷ் வழக்கில் 'இன்வன்ட்ரி' என்று மூன்று அசையில் முடிந்துவிடும், அமெரிக்கர்கள் 'இன்வன்டோரி' என்று நான்காக இழுப்பார்கள். நேர்முகத் தேர்வில் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்வார்கள்.